தோட்டத்துக்கு எந்த மோட்டார்? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற ஊர்க்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் பம்ப் விற்பவன் இல்லை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தென்னை, வாழை, காய்கறி வைத்திருக்கிறேன். இரண்டு மோட்டாரைக் கெடுத்துப் பாடம் படித்தவன். நம் பக்கத்தில் பம்பையும் மோட்டாரையும் சேர்த்து ‘மோட்டார்’ என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பத்து சென்ட் தோட்டத்துக்கு எத்தனை ஹெச்.பி. வேணும் அண்ணா?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி இது. தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், கிணற்றில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் ஹெச்.பி. தானாக வந்து நிற்கும்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். கோடையில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து சென்ட் முழுக்கக் காய்கறி என்றாலும் 2,000 லிட்டர்தான். நிமிடத்துக்கு 60 லிட்டர் தருகிற மோட்டாருக்கு இது அரை மணி நேர வேலை. வாழைக்கு ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர். காய்க்கிற தென்னைக்குச் சொட்டுநீரில் 40 முதல் 80 லிட்டர் வரை, மண்ணையும் வெயிலையும் பொறுத்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசி, பங்குனியில் மண்ணை எப்படி உலர்த்தும் என்று நமக்குத் தெரியும். அதனால் நம் பக்கத்துக்குக் கூடுதல் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றை எப்படி அளப்பது?

ஒரு கயிறு, ஒரு கல் போதும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தடிக்கு ஒரு துணித் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக இறக்கினால் கல் தண்ணீரைத் தொடும்போது ‘ளக்’ என்று சத்தம் வரும். கயிற்றின் இழுவையும் சட்டென்று லேசாகும். அங்கே விரலால் பிடித்து, மேலே எடுத்து எண்ணுங்கள். இன்னும் இறக்கி அடிமட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

அளப்பதைச் சித்திரைக்கு முன்னால், மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் செய்ய வேண்டும். ஐப்பசி மழை முடிந்த கையோடு அளந்து மோட்டார் வாங்கினவர்கள்தான் கோடையில் ‘மோட்டார் தண்ணி எடுக்கல’ என்று வருகிறார்கள். கார்த்திகையில் 12 அடியில் நிற்கிற தண்ணீர் சித்திரையில் 40 அடிக்குப் போவது இந்தப் பக்கத்தில் புதுசில்லை.

அப்புறம் ஊற்று. பத்தடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 2,200 லிட்டர். இருக்கிற மோட்டாரையோ பக்கத்து வீட்டு மோட்டாரையோ வைத்து இரண்டடி இறைத்துவிட்டு, மறுபடி அந்த இரண்டடி ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். நாலு மணி நேரம் ஆனால் மணிக்கு 1,100 லிட்டர் ஊறுகிறது. தினமும் 2,000 லிட்டர் எடுக்கிற தோட்டத்துக்கு இது தாராளம். பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போடலாமா என்று யோசிப்பவர்கள் மட்டும் இன்னொரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் ‘ஹெட் எவ்வளவு’ என்று கேட்டார். என்ன சொல்வது?

ஹெட் என்பது மோட்டார் தண்ணீரைத் தள்ள வேண்டிய மொத்த உயரம். நாலு விஷயங்களைக் கூட்ட வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் தண்ணீர் 40 அடி ஆழத்தில், அதாவது 12 மீட்டர். கிணற்றடியைவிடத் தோட்டத்தின் மேல் மூலை 3 மீட்டர் உயரம். 60 மீட்டர் தூரத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப். நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் உராய்வில் போவது சுமார் 3 மீட்டர். ஹோஸ் முனையில் கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும் என்றால் இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 28 மீட்டர். ‘28 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வேண்டும்’ என்று கடையில் சொல்லுங்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் இதைச் செய்துவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியின் மேல் ‘அதிகபட்ச ஹெட் 40 மீட்டர், அதிகபட்சத் தண்ணீர் மணிக்கு 4,500 லிட்டர்’ என்று போட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைக்காது. 40 மீட்டரில் தண்ணீர் பூஜ்யம். 4,500 லிட்டர் வருவது கிட்டத்தட்ட ஏற்றமே இல்லாத இடத்தில். நடுவில் எந்த ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஓர் அட்டவணையோ வளைகோடோ கம்பெனிக் கையேட்டில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். நமக்கு வேண்டிய அளவு அந்த அட்டவணையின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் மோட்டாரும் சீக்கிரம் போகும், கரண்ட்டும் வீணாகும்.

கிணற்று மேட்டிலேயே வைக்கிற மோனோபிளாக் போதாதா? அது மலிவாச்சே.

தண்ணீர் எப்போதும் 20 அடிக்குள் நிற்கிற கிணறு என்றால் போதும். அதற்குக் கீழே போகிற கிணறு என்றால் எத்தனை ஹெச்.பி. வாங்கினாலும் போதாது. மேலே இருக்கிற மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது பைப்புக்குள் வெற்றிடத்தை உண்டாக்க, வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் ஏற்ற முடிகிற உயரம் ஏட்டில் 10.3 மீட்டர், பைப், வளைவு, தண்ணீர் திரும்பி இறங்காமல் பைப்பின் அடிமுனையில் மாட்டுகிற புட்வால்வு எல்லாம் தின்றது போக நடைமுறையில் 6, 7 மீட்டர்தான்.

இது தெரியாமல் நான் முதலில் வாங்கியது இரண்டு ஹெச்.பி. மோனோபிளாக். மாசி வரைக்கும் ஜோராக ஓடியது. பங்குனியில் தண்ணீர் 30 அடிக்கு இறங்கியதும் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. விற்ற கடையில் கேட்டால் ‘மூணு ஹெச்.பி. போட்டுக்குங்க’ என்றார்கள். நல்லவேளை, கையில் காசில்லை. அதற்குப் பதில் கிணற்றுக்குள் 15 அடியில் இருக்கிற படிக்கல்லில் மோட்டாரை இறக்கி வைத்தேன். கோடை முழுக்க அருமையாக ஓடியது. ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்களே, அது. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் படிக்கல்லையே காணோம், மோட்டார் எங்கே இருக்கும்? உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை, அதாவது காயிலை, மறுபடி கட்ட ஆன செலவில் பாதி மோட்டார் வாங்கியிருக்கலாம்.

அப்படியானால் ஓபன்வெல் சப்மெர்சிபிளா?

நம் பக்கத்துத் திறந்த கிணறுகளுக்கு என் ஓட்டு அதற்குத்தான். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். இழுக்கிற வேலை இல்லை, தள்ளுகிற வேலை மட்டும்தான். புட்வால்வு வேண்டாம், தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டாம், சத்தம் இல்லை, திருட்டுப் பயமும் குறைவு. விலை கூடுதல்தான். பழுது பார்க்க மேலே தூக்க வேண்டும் என்பது தொல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, அடியில் சேறு இருந்தால் மோட்டாரைத் தரையில் படுக்க விடாதீர்கள். ஓர் இரண்டடி மேலே, கல் மேடையிலோ கயிற்றிலோ நிற்கட்டும். இரண்டு, கயிறு. நைலான் கயிறு இரண்டு வெயிலில் மக்கிப்போகும். துருப்பிடிக்காத கம்பிக் கயிறு கட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மோட்டாரைக் கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

போர்வெல்லுக்கான நீளமான சப்மெர்சிபிளைத் திறந்த கிணற்றில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அந்த மோட்டார் குளிர்வதே, குறுகிய குழிக்குள் தன் உடம்பை உரசிக்கொண்டு மேலேறுகிற தண்ணீரால்தான். அகலக் கிணற்றில் அந்த ஓட்டம் இல்லாததால் சூடாகிக் காயில் போகும். அதைத்தான் போடுவேன் என்றால் மோட்டாரைச் சுற்றி ஒரு பைப் உறை மாட்டிப் போடுங்கள்.

எங்களுக்குக் கிணறு இல்லை, போர்தான். 700 அடி. என்ன மோட்டார்?

போர் 700 அடி என்பது உங்களுக்குச் செலவான கதை. மோட்டாருக்கு வேண்டியது ஓடும்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது. போர் போட்ட வண்டிக்காரர் எத்தனை அடியில் ஊற்று, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று சொல்லியிருப்பார். அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓடும்போது தண்ணீர் 400 அடியில் நின்றால், நிமிடத்துக்கு வெறும் 20 லிட்டர் எடுக்கவே ஒன்றரை ஹெச்.பி. ஆகும். மேலே சொன்ன 40 அடிக் கிணற்றில் ஒரு ஹெச்.பி. அதைப்போல மூன்று மடங்கு தந்தது. ஆழம் கரண்ட்டை அப்படித் தின்னும். சப்மெர்சிபிளில் ‘ஸ்டேஜ்’ என்று எண்ணிச் சொல்வார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்கள், அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரங்கள் அவை. ஸ்டேஜ் கூடினால் ஹெட் கூடும், தண்ணீர் கூடாது.

ஊற்றைவிடப் பெரிய மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் குழி வறண்டு காற்றை இழுக்கும். பம்புக்குள் உராய்வைத் தணிப்பதும் தண்ணீர்தான் என்பதால் வறட்டு ஓட்டம் அதைக் கொன்றுவிடும். தண்ணீர் இல்லையென்றால் தானாக நிற்கிற டிரை ரன் பாதுகாப்புள்ள பேனல் போர்டைக் கட்டாயம் வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டாரைக் குழியின் அடிவரைக்கும் இறக்காமல் 20, 30 அடி விட்டு நிறுத்துங்கள். அடியில் சேறும் கல்தூளும்தான் இருக்கும். ஊற்று ரொம்பவும் குறைவு, விட்டு விட்டு வருகிறது என்றால், மேலிருந்து காற்றை அடித்துத் தண்ணீரை ஏற்றுகிற கம்ப்ரசர். கரண்ட் அதிகம் ஆகும், ஆனால் குழிக்குள் கெட்டுப்போக எதுவும் இல்லை.

ஊற்று குறைவான போருக்கு என் யோசனை: சின்ன மோட்டாரால் மெதுவாக ஒரு தரைத்தொட்டியை நிரப்புங்கள். தொட்டியிலிருந்து அரை ஹெச்.பி. மோனோபிளாக்கால் தோட்டத்துக்குப் பாய்ச்சுங்கள். இரண்டு மோட்டார் என்று தயங்க வேண்டாம். கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

புதிதாகப் போர் போடுகிறவர்களுக்கு: நம் சித்தூர் ஒன்றியம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய பகுதி என்று பட்டியலில் ஏறிய இடம். கேரளத்தில் 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் பஞ்சாயத்திலும் நிலத்தடி நீர்த் துறையிலும் அனுமதி கேட்டுவிடுங்கள். வாய்க்காலில் ஆளியாற்றுத் தண்ணீர் வருகிற நாட்களில் கிணற்று மட்டமும் ஏறும் என்பதை வாய்க்கால் ஓரத்துக்காரர்கள் அறிவார்கள். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அது எப்போது வருகிறது, வரவில்லை என்பதெல்லாம் டீக்கடையில் பேச வேண்டிய விஷயம்.

பைப் முக்கால் இஞ்ச் போதுமா?

போதாது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு 60 லிட்டரை 100 மீட்டர் தள்ளினால் உராய்வில் மட்டும் 17 மீட்டர் ஹெட் போய்விடும். அதுவே ஒன்றரை இஞ்ச் என்றால் சுமார் இரண்டு மீட்டர்தான். முக்கால் இஞ்ச் என்றால் 60 மீட்டரைத் தாண்டும்; தோட்டத்தின் கோடியில் தண்ணீர் கண்ணீர் மாதிரிதான் வரும். பைப்பில் மிச்சம் பிடிக்கிற பணத்தைக் கரண்ட் பில்லில் ஆயுள் முழுக்கக் கட்டுவீர்கள். முதன்மைக் குழாய் பெரிதாக இருக்கட்டும், கிளைகள் சின்னதாகப் போகட்டும்.

சொட்டுநீருக்குத் தனி மோட்டாரா?

தனி வேண்டாம், ஆனால் பெரிதும் வேண்டாம். 30 தென்னைக்கு மரத்துக்கு நாலு சொட்டுவான், ஒன்று மணிக்கு 8 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் மணிக்கு 960 லிட்டர், நிமிடத்துக்கு 16. நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிற மோட்டாரை இதில் மாட்டினால் வழி இல்லாத தண்ணீர் இணைப்புகளைப் பிடுங்கிக்கொண்டு பீய்ச்சும். எங்கள் வீட்டில் குழாய் முனையை அடைக்கிற எண்ட் கேப் பறந்து போய் மாட்டுக் கொட்டகை ஓட்டில் விழுந்தது. மிச்சத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிற மாதிரி ஒரு பைபாஸ் வால்வு வையுங்கள். அல்லது எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள்.

சொட்டுவானில் ஒரு பார் அழுத்தம், அதாவது 10 மீட்டர் ஹெட் போதும். சின்னத் தெளிப்பான் 20 மீட்டர் வரை கேட்கும். இரண்டுக்கும் ஃபில்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பாசி இருக்கிற கிணற்றுக்கு வலை ஃபில்டரைவிட டிஸ்க் ஃபில்டர் நல்லது.

மாடித் தொட்டியிலிருந்து சும்மா இறக்கிவிட்டால் சொட்டுநீர் வராதா?

வரும். 4 மீட்டர் உயரத் தொட்டி 0.4 பார் தரும். நாலைந்து பாத்திக்குச் சரி. நீளமான வரிசையில் கடைசிச் செடி காயும்.

சாயங்காலம் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது. வோல்டேஜா?

அனேகமாக அதுதான். சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதில் 160 வந்தால் மோட்டார் கிளம்புகிற விசை பாதிக்கும் கீழே போய்விடும். கிளம்பாத மோட்டார் கரண்ட்டை அளவுக்கு மேல் இழுத்துக் காயிலை எரிக்கும். ஊரே டி.வி.யும் ஃபேனும் ஏ.சி.யும் போடுகிற ஏழு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் விடியற்காலையில் பாய்ச்சுங்கள். செடிக்கும் அதுதான் நல்லது. மோட்டார் வாங்கும்போதே குறைந்த வோல்டேஜில் ஓடுமா என்று பெயர்ப்பலகையில் பாருங்கள். சில மாடல்களில் ‘180-240’ என்று இருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். சின்னச் செலவுதான்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றரை ஹெச்.பி. வரைக்கும் சிங்கிள் ஃபேஸ் போதும். மூன்றுக்கு மேல் த்ரீ ஃபேஸ். கேரளப் பக்கம் விவசாய இணைப்பு வாங்கினால் கட்டணம் குறைவு. கரண்ட் உதவி பற்றி ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் நிலம் இருக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டின் இலவச மின்சாரம், ஆனால் த்ரீ ஃபேஸ் வருகிற நேரத்துக்குத்தான் ஓட்ட முடியும். அதனால் அங்கே அதே தண்ணீருக்குக் கொஞ்சம் பெரிய மோட்டார் வேண்டியிருக்கும்.

ஷாக் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா.

பயம் நல்லது அக்கா. மோட்டார் லைனுக்குத் தனியாக, கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் மோட்டார் இருக்கிற கிணற்றில், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கேபிளில் நடுவில் ஒட்டு இருந்தால் அது தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் மெயினை இறக்கிவிடுங்கள்.

சோலார் நல்லதா?

பகலில் மட்டும் பாய்ச்சினால் போதும் என்கிற தோட்டத்துக்கு நல்லது. 2019இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநிலம் குறைந்தது 30 சதவீதம் என்று மானியம் உண்டு. கேரளத்தில் அனெர்ட் என்கிற அரசு அமைப்பு, தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை கவனிக்கிறது. ஆனால் இது விவசாயிக்கானது. பத்து சென்ட் வீட்டுத் தோட்டக்காரருக்கு, ஒரு நாளைக்கு அரை யூனிட் செலவாகிற இடத்தில், சோலார் பம்ப் தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவையில் வாங்குவதா, பாலக்காட்டிலா?

மோட்டார் ஊர் கோயம்புத்தூர்தான். கடைகளில் மாடலும் அதிகம். ஆனால் நான் பார்ப்பது, கெட்டால் கழற்றி எடுத்துப்போய் மூன்று நாளில் சரிசெய்து தருகிற ஆள் எங்கே இருக்கிறார் என்பதை. சித்திரையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் பாகற்கொடி இருக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் பாருங்கள்: மோனோபிளாக்குக்கு 9079, போர் சப்மெர்சிபிளுக்கு 8034, ஓபன்வெல்லுக்கு 14220. உள்ளே செம்புக் காயிலா அலுமினியமா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் வரல. என்ன பண்ண?

உடனே நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. மோனோபிளாக் என்றால் புட்வால்வில் இலையோ கல்லோ மாட்டித் தண்ணீர் இறங்கியிருக்கும். ஊற்றி நிரப்பி ஒரு நிமிடம் பாருங்கள். மட்டம் குறைந்துகொண்டே போனால் புட்வால்வு கசிகிறது. குறையவில்லை, ஆனாலும் வரவில்லை என்றால் கிணற்றுக்குள் இறங்குகிற சக்சன் பைப்பின் இணைப்பில் காற்று இழுக்கிறது. அங்கே சோப்பு நுரையைத் தடவி மோட்டாரைப் போட்டால் இழுக்கிற இடத்தில் நுரை உள்ளே போகும். த்ரீ ஃபேஸ் மோட்டார், புதிதாக லைன் மாற்றிக் கொடுத்தது என்றால் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். இதெல்லாம் இல்லை என்றால் பழைய கயிற்றை எடுங்கள், கல்லைக் கட்டிக் கிணற்றில் விடுங்கள். பத்தில் ஐந்து தடவை தண்ணீர்தான் கீழே போயிருக்கும்.